தவளைத் தோலின் காவல் பற்றீரியாக்கள்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகின் பல நாடுகளில் தவளைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற ஒரு பங்கசு நோய்க்கு எதிராக, தவளையின் தோலிலேயே இயல்பாக வாழும் பற்றீரியாக்களைப் பயன்படுத்தலாமா என்று விஞ்ஞானிகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். இதைப் பற்றி உயர்தர உயிரியல் மாணவர்களும் தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து விவசாயிகளும் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. சில பதில்கள் நீளமானவை. சிலவற்றுக்கு இரண்டு வரிகளே போதும்.

தவளைகளைக் கொல்லும் இந்தப் பங்கசு எது?

பற்றக்கோகைற்றிரியம் டென்ட்ரோபற்றிடிஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். இங்கே அதைச் சுருக்கமாகக் கைற்றிட் பங்கசு என்று குறிப்பிடுவோம். அவுஸ்திரேலியாவிலும் பனாமாவிலும் காரணம் தெரியாமல் செத்துக்கொண்டிருந்த தவளைகளின் தோலில் இது இருப்பது 1998 இல் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. வாலுள்ள ஈரூடகவாழிகளான சலமண்டர்களைத் தாக்கும் இதன் நெருங்கிய இனமொன்று, நெதர்லாந்தில் தீச் சலமண்டர்கள் மடிந்ததையடுத்து 2013 இல் விவரிக்கப்பட்டது.

2019 இல் வெளியான ஒரு உலகளாவிய மதிப்பீடு, குறைந்தது 501 ஈரூடகவாழி இனங்கள் இந்நோயால் எண்ணிக்கையில் குறைந்தன என்றும், அவற்றுள் 90 இனங்கள் அற்றுப்போயிருக்கலாம் என்றும் கணக்கிட்டது. அந்தக் கணக்குக்குப் பயன்பட்ட தரவுகள் போதுமானவை அல்ல என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தெழுதியதும் உண்டு. எண்ணிக்கையில் கருத்து வேறுபாடு இருந்தாலும், மத்திய அமெரிக்காவிலும் கிழக்கு அவுஸ்திரேலியாவிலும் மலைக்காடுகளின் ஓடைகள் சில மாதங்களுக்குள் தவளைச் சத்தமின்றிப் போனதை நேரில் பதிவு செய்தவர்கள் பலர்.

மரபணு ஆய்வுகளின்படி இதன் பூர்வீகம் கிழக்கு ஆசியா. குறிப்பாகக் கொரியத் தீபகற்பத்துத் தவளைகளில் அதன் பழைய வமிசங்கள் அதிகம் காணப்படுகின்றன. மனிதர்கள் தவளைகளை உணவுக்கும் ஆய்வுக்கும் வளர்ப்புக்குமாக நாடு விட்டு நாடு கொண்டுபோன வியாபாரமே அதை உலகெங்கும் பரப்பியது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

ஒரு தோல் நோய் எப்படி உயிரைக் குடிக்கும்?

நமக்குத் தோல் பெரும்பாலும் ஒரு போர்வை. தவளையோ தோலால் நீர் குடிக்கிறது, தோலால் ஓரளவு சுவாசிக்கிறது, உடலின் உப்புச் சமநிலையையும் தோலாலேயே பேணுகிறது. கைற்றிட் பங்கசின் இயங்குவித்தி ஒற்றைச் சவுக்குமுளையுடன் நீரில் நீந்தி வந்து, கெரட்டின் என்னும் கடினப் புரதம் உள்ள மேற்றோற் கலத்துக்குள் புகுந்து, அங்கே ஒரு பையாக வளர்ந்து, நான்கைந்து நாட்களில் புதிய இயங்குவித்திகளைத் தோலின் மேற்பரப்புக்கு விடுகிறது. அவற்றுள் ஒரு பகுதி நீருக்குப் போகும். மறுபகுதி அதே தவளையின் தோலையே மீண்டும் தொற்றும். இந்தச் சுழற்சி தொடரத் தொடரத் தோல் தடித்து, உப்புகளைக் கடத்தும் வேலையைச் செய்ய முடியாமல் போகிறது. இரத்தத்தில் சோடியமும் பொற்றாசியமும் குறைந்து இறுதியில் இதயம் நின்றுபோவதை, அவுஸ்திரேலிய மரத்தவளைகளை வைத்து நடந்த ஆய்வொன்று 2009 இல் தெளிவாகக் காட்டியது.

வாற்பேய்களுக்கு வாய்ப்பகுதியில் மட்டுமே கெரட்டின் இருப்பதால் அவை பெரும்பாலும் தொற்றுடனேயே பிழைத்திருக்கும். உருமாற்றம் முடிந்து தோல் முழுவதும் கெரட்டின் படிந்த பின்னரே இறப்பு வருகிறது. குளம் நிறைய வாற்பேய்கள் இருக்கின்றன, ஆகவே தவளைகள் நலமாக இருக்கின்றன என்று கருத முடியாததற்கு இதுவே காரணம்.

இதில் பற்றீரியாவுக்கு என்ன வேலை?

தவளையின் தோலை எப்போதும் மூடியிருக்கும் சளிப்படலத்தில் நூற்றுக்கணக்கான பற்றீரியா வகைகள் குடியிருக்கின்றன. அவற்றுள் சில, பங்கசு வளரவிடாத இரசாயனப் பொருள்களைச் சுரக்கின்றன. தவளையின் தோற் சுரப்பிகள் வெளிவிடும் நுண்ணங்கி எதிர்ப்புப் பெப்ரைட்டுகள் என்னும் சிறு புரதங்களும் இந்தப் பற்றீரியாக்களின் சுரப்புகளும் ஒன்றாகச் சேர்ந்தே வெளி எல்லையைக் காக்கின்றன.

இவற்றுள் அதிகம் ஆராயப்பட்டது ஜாந்தினோபற்றீரியம் லிவிடும் என்னும் ஊதா நிறப் பற்றீரியா. அந்த ஊதா நிறத்தைத் தரும் வயலாசீன் என்னும் பொருளே பங்கசைத் தடுக்கிறது. வட அமெரிக்கச் சலமண்டர்களின் தோலிலிருந்து இது பிரித்தெடுக்கப்பட்டது. நான்குவிரற் சலமண்டர் முட்டைகளோடு தங்கியிருந்து காப்பது. அதன் தோலில் பங்கசெதிர்ப்புப் பற்றீரியாக்கள் பல கிடைத்தன. முட்டைக்குக் காவலிருக்கும் சில கண்ணாடித் தவளைகளின் தோலில் உள்ள காவல் பற்றீரியாக்கள் முட்டைகளிலும் காணப்படுகின்றன. பிள்ளைக்குப் பெற்றோர் சொத்து வைப்பதுபோல என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. ஆனால் அது எல்லா இனத்திலும் நடக்கும் ஒன்றல்ல.

இது உண்மையில் பலன் தந்திருக்கிறதா?

ஆய்வுகூடத்தில் தந்திருக்கிறது. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் வாழும் மஞ்சட்கால் தவளைகளை ஜாந்தினோபற்றீரியம் கலந்த நீரில் தோய்த்து, பின்னர் கைற்றிட் பங்கசுக்கு உட்படுத்திய ஆய்வின் முடிவு 2009 இல் வெளியானது. பற்றீரியா ஏற்றப்பட்ட தவளைகள் பிழைத்தன. ஏற்றப்படாதவை மெலிந்து, பெரும்பாலானவை இறந்தன. இத்துறையில் பணம் போடவும் ஆட்கள் வரவும் காரணமானது அந்த ஒரு முடிவே என்று சொன்னால் மிகையாகாது.

அடுத்து, வளர்ப்பில் இருந்த கொலராடோ மலைத் தேரைகள். அடைப்பில் வளரும் தேரைகள் காட்டில் இருந்த காவல் பற்றீரியாக்களில் ஒரு பகுதியை இழந்துவிடுகின்றன என்பதும், அதைத் திரும்ப ஏற்றினால் நோயில் பிழைப்பவை கூடுகின்றன என்பதும் 2016 இல் காட்டப்பட்டன. என் கணிப்பில் இதுவே மேலும் பயனுள்ள முடிவு, ஏனென்றால் அழியும் நிலையில் உள்ள இனங்களைப் பிடித்து வளர்த்து மீண்டும் காட்டில் விடும் திட்டங்கள் பல நாடுகளில் நடக்கின்றன, அங்கே ஒவ்வொரு தவளையும் எப்படியும் ஒருவரின் கைக்கு வந்தே போகிறது.

திறந்த வெளியில் கிடைத்த சான்றுகள் குறைவு. சியரா நெவாடாவின் ஒரு மலை ஏரிப் பகுதியில் பற்றீரியா ஏற்றி விடப்பட்ட தவளைகளில் ஒரு பகுதி மறு ஆண்டும் உயிருடன் காணப்பட்டது நம்பிக்கை தந்தது. ஆனால் ஒரு முழு இனத்தையோ ஒரு முழு மலைத்தொடரையோ பற்றீரியாவால் காப்பாற்றிவிட்டதாக இதுவரை யாரும் காட்டவில்லை.

தோல்வி அடைந்த இடமும் உண்டா?

உண்டு, அதுவும் மிக வேண்டப்பட்ட இடத்தில். பனாமாவின் பொன்னிறத் தவளை அந்நாட்டின் அடையாளச் சின்னங்களில் ஒன்று. 2009 இற்குப் பின் காட்டில் காணப்படாமற்போய், வளர்ப்பகங்களில் பேணப்பட்டு வருகிறது. சியரா நெவாடாவில் வேலை செய்த அதே ஊதாப் பற்றீரியாவை அதன் தோலில் ஏற்றிப் பார்த்தார்கள். சில வாரங்கள் இருந்த பற்றீரியா மெல்லக் குறைந்து மறைந்தது. அதன் பின் தவளைகள் நோயால் இறந்தன. பின்னர் பனாமாத் தவளைகளிலிருந்தே எடுத்த வேறு பற்றீரியாக்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2015 இல் வெளியானது. அவையும் தோலில் நிலைக்கவில்லை. ஆயினும் அந்த ஆய்வில் சில தவளைகள் தாமாகவே தொற்றை விலக்கிப் பிழைத்தன. ஆய்வு தொடங்குமுன் அவற்றின் தோலில் இருந்த பற்றீரியாக் கூட்டம் மற்றவற்றிலிருந்து வேறுபட்டிருந்தது.

வயற்காரருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினமல்ல. ஒரு வயலில் செழித்த நாற்றை வேறு மண்ணில் கொண்டுபோய் நட்டால் பச்சை பிடிக்கும் என்று எவரும் உறுதி சொல்லமாட்டார். ஒவ்வொரு தவளை இனத்தின் சளிக்கும் அதற்கே உரிய இரசாயனம் உண்டு, தவளை சில நாட்களுக்கு ஒருமுறை தோலின் மேற்படையை உரித்துவிடுகிறது, ஏற்கெனவே குடியிருக்கும் பற்றீரியாக்கள் புதியதற்கு இடம் விடுவதில்லை. இவை மூன்றையும் தாண்டி நிலைக்கும் பற்றீரியாவே காவலுக்கு உதவும்.

அப்படியானால் பொருத்தமான பற்றீரியாவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில், நோய் வந்தும் தப்பிப் பிழைத்த தவளைகளைத் தேடுகிறார்கள். ஒவ்வொரு தவளைக்கும் புதிய கையுறை அணிந்து, அதன் உடலில் ஒட்டியிருக்கும் சேற்றையும் நீர்ப் பற்றீரியாக்களையும் தூய நீரால் கழுவிய பின், கிருமிநீக்கிய பஞ்சுத் துடைகுச்சியால் வயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் விரலிடைச் சவ்வுகளிலும் ஒவ்வோர் இடத்திலும் ஒரே எண்ணிக்கையில் தேய்க்கிறார்கள். தவளை அங்கேயே விடப்படும். குச்சியில் ஒட்டியதை ஏகார் என்னும் கூழ் ஊடகத்தில் வளர்த்து, ஒவ்வொரு பற்றீரியா வகையையும் தனித்தனியாகப் பிரிப்பது அடுத்த வேலை.

பிறகு வருவது பார்ப்பதற்கே சுவையான சோதனை. பெற்றிக் கிண்ணத்தின் ஏகாரில் கைற்றிட் பங்கசின் இயங்குவித்திகளைப் பரப்பி, ஓர் ஓரத்தில் பரிசோதிக்கும் பற்றீரியாவை ஒரு கோடாக இழுத்துவிட்டுச் சில நாட்கள் குளிர்ச்சியான அறையில் வைப்பார்கள். கிண்ணத்தின் பெரும்பகுதியில் பங்கசு மங்கலான படலமாகப் படரும். பற்றீரியாவுக்குத் தடுக்கும் ஆற்றல் இருந்தால், அந்தக் கோட்டை ஒட்டிய ஒரு பட்டை மட்டும் எதுவும் வளராமல் தெளிந்த ஏகாராகவே நிற்கும். அந்தப் பட்டையின் அகலம் அளக்கப்படும். சில பற்றீரியாக்களின் அருகே பங்கசு வழக்கத்தைவிட அடர்த்தியாக வளர்வதும் உண்டு; ஆகவே தவளைத் தோலில் இருப்பதெல்லாம் நல்லது என்ற எண்ணம் இந்தக் கிண்ணத்துடன் முடிந்துவிடும்.

கிண்ணத்தில் வென்றால் மட்டும் போதாது. அது தோலில் தங்குகிறதா, அந்த நாட்டின் வெப்பநிலையில் பங்கசெதிர்ப்புப் பொருளைச் சுரக்கிறதா, பங்கசின் ஒரு வமிசத்தை மட்டுமன்றிப் பலவற்றையும் தடுக்கிறதா, தவளைக்கோ மீனுக்கோ மனிதருக்கோ கேடு செய்யாதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரே பற்றீரியாவைவிடச் சில வகைகளின் கூட்டு அதிகமான பங்கசு வமிசங்களைத் தடுக்கிறது என்பதால், ஆய்வுகள் இப்போது கூட்டுகளின் பக்கம் திரும்பியுள்ளன. எங்கு பயன்படுத்தப் போகிறோமோ அந்த ஊரின் தவளையிலிருந்தே பற்றீரியாவை எடுக்க வேண்டும் என்பது இத்துறையில் ஏறத்தாழ எல்லோரும் ஏற்றுக்கொண்ட விதி.

தேர்ந்த பற்றீரியாவைத் தவளைக்கு எவ்வாறு கொடுப்பது?

பற்றீரியா கலந்த நீரில் தவளையைச் சில மணி நேரம் இருக்கவிடுவதே வழக்கமான முறை. மண்ணில் ஊதாப் பற்றீரியாவைக் கலந்து அதில் சலமண்டர்களை விட்டபோது, அது மண்ணிலிருந்து தோலுக்கு ஏறியதும் ஓர் ஆய்வில் காட்டப்பட்டிருக்கிறது. ஆயிரக்கணக்கான தவளைகளை ஒவ்வொன்றாகப் பிடிக்க முடியாத இடங்களுக்கு அந்த இரண்டாம் வழி கவர்ச்சியானதுதான். ஆனால் மண்ணில் விட்டதைத் திரும்ப அள்ள முடியாது.

வயலுக்கு விற்கப்படும் சூடோமோனாசும் நல்ல பற்றீரியாதானே? அதைக் குளத்தில் ஊற்றினால் என்ன?

ஊற்ற வேண்டாம். இந்தக் கேள்வி நியாயமானது, ஏனென்றால் பயிர் நோய்களுக்கு எதிராகப் பயன்படும் சூடோமோனாஸ் புளோரசென்ஸ் இனத்தின் சில வகைகள் சுரக்கும் அதே பொருள் கைற்றிட் பங்கசையும் தடுக்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. தவளைத் தோலிலும் அந்தச் சாதியைச் சேர்ந்த பற்றீரியாக்கள் உண்டு. ஆனால் பொதியில் வருவது நெல்லின் வேருக்கென்று தேர்ந்தெடுத்த ஒரு வகை. அது தவளைத் தோலில் தங்குமா என்று பார்க்கப்படவில்லை. அதே சாதியின் வேறு இனங்கள் மீன்களிலும் தவளைகளிலும் நோய் உண்டாக்குபவை. குளத்து நீரில் பெரும் எண்ணிக்கையில் ஒரு பற்றீரியாவைச் சேர்த்தால் அங்குள்ள நுண்ணங்கிகளின் ஒழுங்கு குலையும். அந்தக் குளத்தில் குளிப்பவர்களும் மீன் பிடிப்பவர்களும் நம்மவர்களே.

வயலில் அதைப் பயன்படுத்துவதைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. இரசாயனப் பங்கசுக்கொல்லியைக் குறைக்க அது உதவுமானால் வரம்பில் இருக்கும் தவளைக்கும் நல்லதே.

திருகோணமலைத் தவளைகளுக்கு இந்த நோய் வருமா?

நம் கரையோரத்தின் வெப்பம் பங்கசுக்கு ஒவ்வாதது. ஆய்வுகூடத்தில் கைற்றிட் பங்கசு 17 முதல் 25 பாகை செல்சியசு வரையே செழித்து வளர்கிறது. 28 பாகைக்கு மேல் வளர்ச்சி நின்றுபோகிறது. 30 பாகையில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்தால் அழியத் தொடங்குகிறது. திருகோணமலையின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 28 பாகையை ஒட்டியது, கச்சான் வீசும் மாதங்களில் பகல் வெப்பம் 34, 35 பாகைக்கு ஏறும். மார்கழி, தை மாதங்களில் மாரி மழையோடு வெப்பம் தணிந்து, குளங்களும் வயல்களும் நீர் நிரம்பி, தவளைகள் முட்டையிடக் கூடும் வேளைதான் ஒப்பீட்டளவில் பங்கசுக்கு வாய்ப்பான காலம். ஆனால் அதைத் தொடர்ந்து வரும் கோடை அந்த வாய்ப்பைப் பறித்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. புகழ்பெற்ற ஊதாப் பற்றீரியாவும் குளிர்ச்சியை விரும்புவதே. அதை இறக்குமதி செய்து நிலாவெளிக் கிணற்றடித் தவளைக்குப் பூசினால், இங்கு இல்லாத எதிரிக்கு இங்கு வாழ முடியாத காவலாளியை நிறுத்திய கதையாகும்.

மேற்கு மலைத்தொடரில், கேரளம், மகாராட்டிரம் முதலிய மாநிலங்களின் தவளைகளில் கைற்றிட் பங்கசு கண்டறியப்பட்டிருக்கிறது. ஆனால் மத்திய அமெரிக்காவில் நடந்தது போன்ற பெருஞ்சாவு அங்கே பதிவாகவில்லை. ஆசியத் தவளைகள் இந்தப் பங்கசோடு நெடுங்காலம் பழகியவை என்பது ஒரு விளக்கம்.

ஆகவே நாம் கவலைப்படத் தேவையில்லையா?

கரையோரத்தைப் பொறுத்தவரை அதிகம் தேவையில்லை. மலைநாட்டைப் பொறுத்தவரை தேவை. இலங்கையில் 120 இற்கு மேற்பட்ட ஈரூடகவாழி இனங்கள் உள்ளன. அவற்றுள் பத்தில் ஒன்பதளவு உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றின் பெரும்பகுதி நக்கிள்ஸ், ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலை, சிங்கராஜா போன்ற ஈரமும் குளிர்ச்சியும் உள்ள காடுகளில், பல இனங்கள் ஒரே ஒரு மலைச்சரிவில் மட்டும், வாழ்கின்றன. ஹோட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில் இருப்பது. அங்குள்ள குளிர் கைற்றிட் பங்கசுக்கு இதமானது.

அந்தக் காடுகளின் சிறு தவளைகள் பல வாற்பேய் நிலையே இல்லாதவை: ஈரமான இலைச்சருகிலோ இலையிலோ இடப்பட்ட முட்டைக்குள்ளேயே தவளைக்குஞ்சு உருவாகி வெளிவரும். குளத்து நீரைத் தொடாததால் தொற்று குறையும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் மத்திய அமெரிக்காவில் அவ்வாறே நேரடியாக வளரும் இனங்களும் இந்நோயால் வீழ்ந்திருக்கின்றன.

இலங்கையில் ஏற்கெனவே அழிந்த தவளைகள் இந்நோயால் அழிந்தவையா?

அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. உலகில் அற்றுப்போன தவளை இனங்கள் அதிகமாகப் பதிவான நாடுகளில் இலங்கை முன்னணியில் நிற்கிறது. ஏறத்தாழ 20 இனங்கள் அப்பட்டியலில் உள்ளன. அவற்றுட் பல, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேகரித்துப் புட்டியில் இடப்பட்ட மாதிரிகளாக மட்டுமே நமக்குத் தெரியும். கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக மலைக்காடு வெட்டப்பட்ட காலம் அது. அழிந்ததாகக் கருதப்பட்ட இனங்கள் சில அண்மைக் காலத்தில் சிவனொளிபாதமலைப் பகுதியில் மீண்டும் கண்டறியப்பட்டன என்பது நல்ல செய்தி. அவ்வாறு ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் எஞ்சியிருக்கும் இனத்துக்கே புதிய நோய் ஒன்று எல்லாவற்றையும் முடித்துவிடக்கூடியது.

நுவரெலியாப் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் என்ன செய்யலாம்?

பங்கசு தானாக நீந்தக்கூடிய தூரம் சில சென்ரிமீற்றர்களே. நெடுந்தூரம் கொண்டுபோவது ஈரச் சேறு, ஈர வலை, ஈரச் சப்பாத்து, தவளை, மீன், நீர்த்தாவரம் ஆகியவை. ஒரு காட்டு ஓடையிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் சப்பாத்தின் அடியில் ஒட்டிய சேற்றைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, வெயிலில் முற்றாகக் காயவைக்க வேண்டும். உலர்தலைக் கைற்றிட் பங்கசால் தாங்க முடியாது. காயவைக்க நேரமில்லையென்றால் 70 வீத எதனோலையோ 1 வீதச் சோடியம் ஹைப்போகுளோரைற்றுக் கரைசலையோ பூசி ஒரு நிமிடம் விடலாம், ஆனால் ஓடைக்கு அருகே அல்ல. மலையில் பிடித்த தவளையையோ வாற்பேயையோ போத்தலில் அடைத்து ஊருக்குக் கொண்டுவருவதும், மீன்தொட்டிக்காக வாங்கிய வெளிநாட்டுத் தவளையை அலுத்துப்போய்க் குளத்தில் விடுவதும் இந்த நோய் உலகெங்கும் பரவிய வழியின் சிறு வடிவங்களே. பாடசாலைச் சுற்றுலாவில் முன்னதைத் தடுப்பது ஆசிரியரின் கையில் இருக்கிறது.

கன்னியா வெந்நீரில் தவளையைக் குளிப்பாட்டினால் நோய் தீருமா?

சிரிப்புக்காகக் கேட்கப்படும் கேள்வி என்றாலும் உள்ளே ஓர் உண்மை இருக்கிறது. 37 பாகை வெப்பத்தில் நான்கு மணி நேரம் இருந்தால் கைற்றிட் பங்கசு செத்துவிடும் என்பது ஆய்வுகூட முடிவு. ஆனால் அந்த வெப்பத்தில் பெரும்பாலான தவளைகளும் தாக்குப்பிடிக்கா. அவுஸ்திரேலியாவில் இதையே நிதானமாகச் செய்திருக்கிறார்கள்: துளையுள்ள செங்கற்களை அடுக்கிச் சிறிய பசுமைக்கூடாரத்தால் மூடி வெயிலில் வைக்க, அங்குள்ள பச்சைப் பொன்மணித் தவளைகள் தாமாகவே அந்தச் சூடான துளைகளுக்குள் போய் இருந்தன, தொற்று நீங்கியதோடு, அவ்வாறு தேறியவை பின்னர் வந்த தொற்றையும் நன்றாக எதிர்த்தன. 2024 இல் வெளியான அந்த ஆய்வில் செலவு மிகக் குறைவு என்பதும் கவனிக்கத்தக்கது. பற்றீரியாவைவிட இது எளிது, எல்லா இனத்துக்கும் பொருந்தாது.

மருந்து எதுவும் இல்லையா?

இற்றாக்கொனசோல் என்னும் பங்கசெதிர்ப்பு மருந்து கலந்த நீரில் தோய்த்தால் அடைப்பிலுள்ள தவளைகள் குணமாகின்றன. ஸ்பெயினுக்குச் சொந்தமான மயோர்க்காத் தீவில், குளங்களிலிருந்த வாற்பேய்களை எடுத்து மருந்திட்டு, குளங்களை வற்றவைத்துக் கிருமிநீக்கி, வாற்பேய்களைத் திரும்ப விட்டு நோயை அகற்றியிருக்கிறார்கள்; முடிவு 2015 இல் வெளியானது. தீவின் சில சிறு குளங்களுக்கு முடிந்ததைக் கந்தளாய்க் குளத்துக்குச் செய்வதைக் கற்பனை செய்யவும் முடியாது. மருந்து நின்றவுடன் பாதுகாப்பும் நின்றுவிடும். தோலில் நிலைத்து, ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் போகக்கூடிய பற்றீரியாவின் மீது விஞ்ஞானிகளுக்கு ஆசை விடாதிருப்பது இதனால்தான்.

மனிதருக்கும் ஆடுமாடுகளுக்கும் தொற்றுமா?

தொற்றாது. நம் உடல் வெப்பநிலையே அதற்குத் தடை.

தவளை குறைந்தால் நமக்கு என்ன நட்டம்?

கொஸ்ற்றாரிக்காவிலும் பனாமாவிலும் இந்நோயால் தவளைகள் மறைந்த இடங்களில், அடுத்த சில ஆண்டுகளில் மலேரியா கூடியதை 2022 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் வாற்பேய்களும் நுளம்பைப் பிடிக்கும் தவளைகளும் இல்லாமற்போனதே காரணம் என்பது ஆய்வாளரின் முடிவு. இலங்கை 2016 இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது; அதற்கு மருத்துவப் பணியாளர்களின் உழைப்பே காரணம், தவளைக்கு அதில் பங்கு கேட்க வரவில்லை. டெங்கு நுளம்பு முற்றத்துச் சிரட்டையிலும் பழைய ரயரிலும் பெருகுவதால் அங்கும் தவளையை நம்பியிருக்க முடியாது. ஆனால் பெரும்போகத்தில் வயலில் பூச்சி தின்னும் கூட்டத்தில் தவளைக்கு ஒரு பெரிய இடம் உண்டு என்பதைத் தம்பலகாமத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

செத்த தவளையைக் கண்டால் இந்த நோய் என்று எப்படி அறிவது?

கண்ணால் பார்த்து உறுதி செய்ய முடியாது. நோயுற்ற தவளை பகலில் வெளியே அசையாமல் கால்களைப் பரப்பி உட்கார்ந்திருக்கும், தோல் அளவுக்கு மீறி உரியும், மல்லாத்தினால் திரும்பி எழ முடியாது தவிக்கும். இவை வேறு நோய்களிலும் நஞ்சிலும் வரலாம். துடைகுச்சி மாதிரியில் பங்கசின் மரபணுப் பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் முறையில் சோதித்தே முடிவு சொல்லப்படும். நம் மாவட்டத்தில் முதல் மழைக்குக் கந்தளாய் வீதியில் கிடக்கும் தவளைகள் வாகனத்தில் நசுங்கியவை. மருந்தடித்த மறுநாள் வாய்க்காலில் மிதப்பவைக்கும் காரணம் தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. வாகனமும் மருந்தும் இல்லாத இடத்தில், குறிப்பாகக் குளிரான காட்டில், பல தவளைகள் ஒரே வேளையில் செத்துக் கிடந்தால் தொடாமல் படம் எடுத்து, இடத்தையும் திகதியையும் குறித்து வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம்.

உயர்தர மாணவர்கள் இதில் ஏதாவது செயற்றிட்டம் செய்ய முடியுமா?

தவளையைப் பிடித்துத் தோலைத் துடைத்து மாதிரி எடுப்பதற்குத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பாடசாலை அளவில் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பற்றீரியா வளர்ப்பதும் பாதுகாப்பான ஆய்வுகூடமும் மேற்பார்வையும் உள்ள இடத்தில் நடக்க வேண்டியது.

தவளையைத் தொடாமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, அது விஞ்ஞானிகளுக்கும் வேண்டியது. தேரைகளும் தவளைகளும் தங்கும் இடங்களின் உண்மையான வெப்பநிலை. வானிலை நிலையம் தருவது நிழலில் உள்ள காற்றின் வெப்பநிலை. தவளை இருப்பதோ கிணற்றுக்கட்டின் இடுக்கிலும் குளத்தின் அலைகரைச் சேற்றிலும் வாழைமடலுக்குள்ளும். மாரி தொடங்கும் ஐப்பசி முதல் மாசி வரை, அத்தகைய இடங்கள் சிலவற்றில் காலை, நண்பகல், இரவு என மூன்று வேளையும் வெப்பமானி வைத்துக் குறித்தால், நம் கரையோரத்தில் கைற்றிட் பங்கசு செழிக்கக்கூடிய 25 பாகைக்குக் கீழான மணித்தியாலங்கள் ஒரு நாளில் எத்தனை என்று கணக்கிடலாம். அதனோடு அன்றிரவு எந்த எந்தத் தவளை கத்தியது என்பதையும் கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொண்டால் இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்துப் பார்க்க முடியும். வெப்பமானியின் குமிழ் வெயிலில் படாமலும், தவளை இருக்கும் ஆழத்திலேயே இருக்குமாறும் கட்டுவதே இதில் சிரமமான பகுதி. ஒரு துண்டு பிவிசி குழாய்க்குள் செருகிவிட்டால் அதுவும் சரியாகிவிடும்.